ட்ரீம்காஸ்டில் யூனிக்ஸ்: லாகின் வந்ததோடு நிற்காமல் உருப்படியாக ஓட்ட முடியுமா?

#1 பழம்பெட்டி

வணக்கம் மக்களே.

சேகா ட்ரீம்காஸ்ட் ஒன்று கைவசம் இருக்கிறது. அதற்கான கீபோர்டும் பிராட்பேண்ட் அடாப்டரும் கூடவே இருக்கின்றன. கேம் ஆடி அலுத்துவிட்டது. யூனிக்ஸ் மாதிரி ஏதாவது ஓட்டிப் பார்க்க ஆசை.

இணையத்தில் தேடினால் எல்லாம் ஒரே கதைதான். டிவியில் கர்னல் செய்திகள் கடகடவென ஓடும், லாகின் கேட்கும், உடனே "பார், பார், ஓடுகிறது" என்று வீடியோ முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் அவர் என்ன செய்தார் என்று ஒருவரும் சொல்வதில்லை.

எனக்கு வேண்டியது இதுதான்: நெட்வொர்க் வழியாக உள்ளே போக வேண்டும், விஐ திறந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும், சின்ன சி புரோக்ராம் ஒன்றை ஓட்ட வேண்டும். அதுவும் பத்து நிமிஷத்தில் செத்துப்போகாமல் நாள் முழுக்க ஓட வேண்டும். 16 எம்பி மெமரியில் இது நடக்கிற காரியமா? நடக்காதென்றால் வேறு எந்தப் பழைய கன்சோல் தேவலை?

---

#2 கர்னல்காரன்

மெகாஹெர்ட்ஸ் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். முதல் கேள்வி, அந்த பிராசஸரில் எம்எம்யூ (புரோக்ராம்களின் மெமரியைப் பிரித்துக் காக்கும் வன்பொருள்) இருக்கிறதா என்பதுதான். புரோக்ராமுக்குப் புரோக்ராம் தனித்தனி முகவரி வெளி கொடுக்க முடியாவிட்டால் ஃபோர்க் (ஓடும் புரோக்ராமைப் பிரதியெடுத்து இன்னொன்றைத் தொடங்குவது) செய்ய முடியாது. ஃபோர்க் இல்லாத யூனிக்ஸில் பாதி மென்பொருள் திருத்தாமல் ஓடாது.

இந்தக் கணக்கில் மெகா டிரைவ் அவுட், அதிலிருப்பது வெறும் 68000. சாட்டர்னில் இரண்டு எஸ்எச்-2 இருந்தும் எம்எம்யூ கிடையாது. முதல் பிளேஸ்டேஷனில் இருப்பது ஆர்3000 குடும்பம்தான், ஆனால் டிஎல்பியை, அதாவது எம்எம்யூவின் முகவரி அட்டவணையை, கழற்றிவிட்டுத்தான் அதைச் செய்தார்கள். மெமரியும் 2 எம்பி.

நின்டெண்டோ 64-இல் 32 வரிசை டிஎல்பி இருக்கிறது. அதற்கான லினக்ஸ் போர்ட் 2021-இல் 5.12 கர்னலிலேயே சேர்ந்தது. ஆனால் மெமரி 4 எம்பி, எக்ஸ்பான்ஷன் பாக் போட்டால் 8. நெட்வொர்க்கும் கிடையாது. உங்கள் பட்டியலின் முதல் வரியிலேயே அது தோற்றுவிடும்.

ட்ரீம்காஸ்டின் எஸ்எச்-4 நிஜமான எம்எம்யூ உள்ள 200 மெகாஹெர்ட்ஸ் சிப். 64 வரிசை டிஎல்பி. 1998-இல் ஜப்பானில் வந்த பெட்டிக்கு இது ராஜபோகம். கீபோர்டும் அடாப்டரும் கையில் இருக்கும்போது வேறு கன்சோலைத் தேடுவானேன்?

---

#3 திருத்தல்வாதி

> ஃபோர்க் இல்லாத யூனிக்ஸில் பாதி மென்பொருள் திருத்தாமல் ஓடாது

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11/20 இயந்திரத்திலேயே மெமரி பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒரு புரோக்ராம் ஓடும்போது மற்றதை டிஸ்க்குக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்கும் யூனிக்ஸ் என்றுதான் பெயர்.

நின்டெண்டோ டிஎஸ்ஸில் டிஎஸ்லினக்ஸ் ஓடியது யுசிலினக்ஸ் (எம்எம்யூ இல்லாத பெட்டிகளுக்கான லினக்ஸ்) வழியில்தான். 67 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம்9, 4 எம்பி மெமரி, எம்எம்யூ கிடையாது. 4 எம்பி பத்தாதென்று கேம்பாய் அட்வான்ஸ் ஸ்லாட்டில் கூடுதல் ரேம் கார்டு செருகினார்கள். அந்த ஸ்லாட்டின் பஸ் 16 பிட். ஒற்றை பைட் எழுதச் சொன்னால் சரியாக எழுதாது. சி மொழியில் ஒற்றை பைட் எழுதாத புரோக்ராம் எது? கடைசியில் கம்பைலரிலேயே கைவைத்து, பைட் எழுதும் கட்டளைக்குப் பதில் வேறு கட்டளையை வெளியிட வைத்தார்கள். என்னைக் கேட்டால் ட்ரீம்காஸ்டில் நெட்பிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) பூட் ஆவதைவிட இதுதான் பார்க்கத்தக்க வேலை.

---

#4 கர்னல்காரன்

ஒத்துக்கொள்கிறேன், வேலை அபாரம்தான். ஆனால் கேட்டவருக்கு நாள் முழுக்க ஓட வேண்டுமாம். எம்எம்யூ இல்லாத பெட்டியில் ஒரு பாயின்டர் தவறினால் மொத்தமும் விழும். அதனால்தான் சொன்னேன்.

---

#5 ஷெல்லடியான்

பழம்பெட்டி, நான் ட்ரீம்காஸ்டில் நெட்பிஎஸ்டியை அவ்வப்போது வருஷக்கணக்காக ஓட்டுகிறவன். உங்கள் மூன்று ஆசையும் நடக்கும், ஒரு நிபந்தனையோடு: அதைத் தனிக் கம்ப்யூட்டராக நினைக்காதீர்கள். டிஸ்க் இல்லாத பெட்டி, பக்கத்தில் ஒரு பெரிய மெஷின் அதைத் தாங்குகிறது என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

லினக்ஸா நெட்பிஎஸ்டியா என்று கேட்பீர்கள். லினக்ஸ் கர்னலிலும் ட்ரீம்காஸ்டுக்கான டிரைவர்கள் இருக்கின்றன. ஆனால் மற்ற மென்பொருளை நீங்களே பில்ட்ரூட் என்ற கருவி வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நெட்பிஎஸ்டியில் கர்னலும் பயனர் பக்கமும் ஒரே மூலத்தொகுப்பு. உங்கள் லேப்டாப்பில் லினக்ஸோ மேக்கோ எதுவாக இருந்தாலும் அதன் பில்ட் ஸ்கிரிப்ட் முதலில் தனக்கு வேண்டிய கிராஸ் கம்பைலரை (ஒரு மெஷினில் ஓடி இன்னொன்றுக்கான புரோக்ராமைக் கட்டுவது) கட்டிக்கொண்டு, பிறகு ட்ரீம்காஸ்டுக்கான அத்தனையையும் கட்டித் தரும். இந்த ஒரே காரணத்துக்காக நான் அந்தப் பக்கம்.

பெட்டிக்குள் நுழையும் வழி. ட்ரீம்காஸ்டின் கேம் டிஸ்க்கான ஜிடி-ரோமை நாம் எழுத முடியாது. ஆனால் மில்-சிடி என்று ஒரு வகையை சேகா அனுமதித்திருந்தது: பாட்டு சிடியின் இரண்டாவது செஷனில் கொஞ்சம் மெனு, படம். அந்தக் கதவு வழியாகத்தான் எல்லாரும் நுழைந்தார்கள். சாதாரண சிடி-ஆரில் முதல் செஷன் ஆடியோ, இரண்டாவது செஷனில் டேட்டா. பூட் ஆகும் ஃபைலின் பைட்டுகளை அதற்கென்று உள்ள ஸ்கிராம்பிள் கருவியால் கலைத்து எழுத வேண்டும், பெட்டி அதைத் தானே நேராக்கிக்கொள்ளும். கடைசிக் காலத்தில் வந்த பெட்டிகள் சிலவற்றில் இந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். முதலில் உங்களுடையதில் ஏதாவது மில்-சிடி வகை டிஸ்க் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு சிடி எழுதாதீர்கள். டிசிலோட் என்ற சின்ன லோடரை மட்டும் ஒரு சிடியில் எழுதிக்கொண்டால் போதும். அது பிராட்பேண்ட் அடாப்டரில் காத்திருக்கும். லேப்டாப்பிலிருந்து கர்னலை நெட்வொர்க்கிலேயே தள்ளலாம். பைனரி 0x8சி010000 முகவரியில் போய் உட்காரும், அங்கிருந்து ஓட்டம் தொடங்கும்.

ரூட் ஃபைல்சிஸ்டம் என்எஃப்எஸ், அதாவது லேப்டாப்பின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகத் தன் டிஸ்க் போலப் பயன்படுத்தும் முறை. டிஎச்சிபி சர்வரில் ரூட்-பாத் கொடுத்துவிடுங்கள், கர்னல் தானே பிடித்துக்கொள்ளும். சர்வர் பக்கம் ரூட் பயனரை ரூட்டாகவே விடும்படி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முதல் தடவை முயல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்: இனிட் வரைக்கும் வரும், பிறகு எழுத அனுமதி இல்லையென்று நிற்கும்.

ஸ்வாப்பும் (மெமரி பத்தாதபோது தள்ளிவைக்கும் இடம்) என்எஃப்எஸ்ஸிலேயே ஒரு ஃபைல். மெதுவுதான், ஆனால் அது இல்லாமல் 16 எம்பியில் காலம் தள்ள முடியாது.

---

#6 பழம்பெட்டி

அருமை, இப்படி ஒரு பதிலுக்குத்தான் காத்திருந்தேன். சில சந்தேகங்கள். எஸ்எஸ்எச் தாங்குமா? சி புரோக்ராமை ட்ரீம்காஸ்டிலேயே கம்பைல் செய்ய முடியுமா? டிவியில் எழுத்து படிக்க வருமா?

---

#7 ஷெல்லடியான்

கடைசிக் கேள்வி முதலில். திரை 640×480. 8×16 எழுத்துரு போட்டால் 80 பத்தி, 30 வரி கிடைக்கும், பழைய 24 வரி டெர்மினலைவிடக் கொஞ்சம் கூடவே. மஞ்சள் நிற காம்போசிட் கேபிளில் எழுத்து பிசுபிசுவென்று இருக்கும், பத்து நிமிஷத்துக்கு மேல் கண் தாங்காது. விஜிஏ பாக்ஸ் இருந்தால் பளிச்.

கம்பைலர்: மறந்துவிடுங்கள். இன்றைய ஜிசிசிக்கு 16 எம்பி என்பது யானைப்பசிக்குச் சோளப்பொரி. ஸ்வாப் மொத்தமும் நெட்வொர்க்கில் போய்வரும்; ஹலோ வேர்ல்ட் முடிவதற்குள் நீங்கள் அதை லேப்டாப்பில் கட்டி, காப்பி செய்து, ஓட்டியும் முடித்திருப்பீர்கள். ரூட் ஃபைல்சிஸ்டமே லேப்டாப்பில்தானே இருக்கிறது, காப்பி செய்யக்கூடத் தேவையில்லை. அந்த ஃபோல்டரிலேயே கிராஸ் கம்பைல் செய்து போட்டால் மறுநொடி ட்ரீம்காஸ்டில் தெரியும். பெட்டியிலேயே எழுதி ஓட்டும் சுகம் வேண்டுமென்றால் ஷெல்லும் ஆக் (awk) மொழியும் இருக்கின்றன. நெட்பிஎஸ்டியோடு லுவா என்ற சின்ன ஸ்கிரிப்ட் மொழியும் வருகிறது, 16 எம்பிக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்காரும்.

எஸ்எஸ்எச்: ஓடும். ஆனால் கை குலுக்கும் நேரத்தில் ஒரு சின்ன இடைவேளை எடுத்துக்கொள்ளும். பெரிய ஆர்எஸ்ஏ சாவி வேண்டாம், எட்-25519 போதும்.

இன்னொன்று. புது நெட்பிஎஸ்டி, அதாவது 10 முதல், எண்ட்ரோபி (சாவி உருவாக்கத் தேவையான கணிக்க முடியாத ரேண்டம் சரக்கு) விஷயத்தில் கறார். இந்தப் பெட்டியில் வன்பொருள் ரேண்டம் எண் கருவி ஒன்றும் இல்லை. முதல் பூட்டில் சாவி உருவாக்கச் சொன்னால் எண்ட்ரோபி போதவில்லை என்று நிற்கலாம். அதனால் ஹோஸ்ட் சாவிகளை லேப்டாப்பில் உருவாக்கி ரூட் ஃபோல்டருக்குள் வைத்துவிடுங்கள். எண்ட்ரோபி விதை ஃபைலையும் அப்படியே.

---

#8 நைட்மோட்

வீட்டுக்குள் இருக்கிற லேன்தானே? டெல்நெட் போட்டுவிட்டுப் போகலாமே. 200 மெகாஹெர்ட்ஸ் பெட்டியைக் கணக்குப் போட வைத்துச் சாகடிப்பானேன்.

---

#9 திருத்தல்வாதி

டெல்நெட்டா! என்எஃப்எஸ் ரூட்டை ரூட் அனுமதியோடு திறந்து வைத்துவிட்டு எஸ்எஸ்எச் பூட்டு போடுவதும் வேடிக்கைதான் என்பதால், இந்த ஒரு தடவை நைட்மோட் பக்கம் சாய்கிறேன். தனி கேபிளில் லேப்டாப்போடு நேரே இணைத்திருந்தால் டெல்நெட் தாராளம். வைஃபை ரௌட்டர் வழியாகப் போகிறதென்றால் கூடாது.

---

#10 சுவிட்ச்கடை

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதில் என்ன பிரயோஜனம்? என்எஃப்எஸ் லேப்டாப்பில், ஸ்வாப் லேப்டாப்பில், கம்பைலர் லேப்டாப்பில், எண்ட்ரோபிகூட லேப்டாப்பில். ட்ரீம்காஸ்ட் என்னதான் செய்கிறது? உள்ளங்கை அளவு சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் இதைவிட ஐம்பது மடங்கு வேலை செய்யும். "ஓடுகிறது" என்பதற்காக ஓட்டுவது எனக்கு என்றுமே புரிந்ததில்லை.

---

#11 கர்னல்காரன்

நியாயமான கேள்வி. பயன்பாட்டுக்காக என்றால் ஒன்றுமில்லை, அதைப் பற்றி வாதாட வரமாட்டேன். நான் இதை வைத்திருப்பது டிரைவர் படிக்க. சிங்கிள் போர்டில் எல்லாம் ஏற்கனவே மறைந்துகிடக்கும். இங்கே ஒவ்வொன்றும் வெட்டவெளியில் நிற்கும்.

ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். பிராட்பேண்ட் அடாப்டருக்குள் இருப்பது ரியல்டெக் 8139. அந்தக் காலத்துப் பிசிக்களில் மூலைக்கு மூலை கிடந்த அதே சிப். ஆனால் அது பிசிஐ சிப். ட்ரீம்காஸ்டில் பிசிஐ பஸ்ஸே கிடையாது. அதனால் கேப்ஸ் என்ற பாலச் சிப்பை நடுவில் வைத்தார்கள். இந்தப் பாலத்தின் குணம் என்னவென்றால், ரியல்டெக்குக்கு ட்ரீம்காஸ்டின் 16 எம்பி மெமரி கண்ணுக்கே தெரியாது. பாலத்தில் இருக்கும் 32 கேபி எஸ்ரேம் மெமரிக்குள் மட்டும்தான் அது டிஎம்ஏ (பிராசஸர் உதவியின்றி நேரே படித்து எழுதுவது) செய்ய முடியும்.

இப்போது டிரைவரைப் பாருங்கள். பிசியில் ஓடும் ரியல்டெக் டிரைவர், பாக்கெட்டை மெயின் மெமரியில் எங்கேயோ வைத்து "இந்த முகவரியிலிருந்து எடுத்துக்கொள்" என்று சிப்பிடம் சொல்லும். இங்கே அந்த முகவரி செல்லாது. லேசான வழி, டிரைவரைப் பிரதி எடுத்து ட்ரீம்காஸ்டுக்கென்று வெட்டி ஒட்டுவது. நெட்பிஎஸ்டியில் அப்படிச் செய்யவில்லை. டிஎம்ஏவுக்கான மெமரியைக் கேட்கும் வேலை பஸ்-டிஎம்ஏ என்ற பொது இடைமுகம் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று விதி. கேப்ஸ் பாலத்துக்கான சின்னக் கோப்பு ஒன்று அந்த இடைமுகத்தைத் தன் பாணியில் நிறைவேற்றுகிறது: கேட்டால் 32 கேபிக்குள்ளிருந்து இடம் கொடுக்கும், அனுப்பும் பாக்கெட்டை அங்கே காப்பி செய்யும், வந்ததை அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் ரியல்டெக் டிரைவருக்குத் தான் பிசியில் இருக்கிறோமா கேம் பெட்டியில் இருக்கிறோமா என்றே தெரியாது. ரியல்டெக் டிரைவரில் ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே திருந்தும்.

பாடப்புத்தகத்தில் "அப்ஸ்ட்ராக்ஷன்" என்று எத்தனை பக்கம் படித்தாலும் இந்த 32 கேபியை ஒரு தடவை பார்த்தால் வரும் தெளிவு வராது. அடாப்டர் ஏன் 100 மெகாபிட்டைத் தொடுவதில்லை என்பதும் அப்போது தானாகப் புரியும்: ஒவ்வொரு பாக்கெட்டையும் பிராசஸரே கையால் சுமக்கிறது.

இரண்டாவது விஷயம் கேஷ், பிராசஸருக்குள் இருக்கும் சிறு வேக மெமரி. எஸ்எச்-4-இன் டேட்டா கேஷ் 16 கேபி, டைரக்ட் மேப்டு. எந்த வரிசையில் வைப்பது என்பதை மெய்நிகர் முகவரி தீர்மானிக்கிறது. பேஜ் 4 கேபி. அப்படியென்றால் ஒரே பௌதிகப் பேஜ் இரண்டு வேறு முகவரிகளில் மேப் ஆனால் கேஷில் இரண்டு இடத்தில் உட்காரலாம், ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது. 16-ஐ 4-ஆல் வகுத்தால் நான்கு "நிறம்". நிறம் ஒத்துப்போகாத மேப்பிங் வரும்போதெல்லாம் கர்னல் கேஷைக் காலி செய்ய வேண்டும். ஒரு தடவை மறந்தால் போதும், தூங்க விடாத வகைப் பிழை அது: மாசத்துக்கொரு தரம் ஒரு ஃபைலில் 32 பைட் மட்டும் பழசாக இருக்கும்.

---

#12 சுவிட்ச்கடை

சரி, படிக்க என்றால் ஒத்துக்கொள்கிறேன். "32 பைட் மட்டும்" என்பது கேஷ் லைன் அளவுதானே?

---

#13 கர்னல்காரன்

ஆமாம், அதேதான்.

---

#14 ஈமோஷன்

பிளேஸ்டேஷன் 2 பக்கமிருந்து ஒரு ஆள் வந்திருக்கிறேன், எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

எங்களுக்கு சோனியே அதிகாரப்பூர்வமாக லினக்ஸ் கொடுத்தது. 2002-இல் வந்த கிட்டில் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் அடாப்டர், கீபோர்டு, மவுஸ், விஜிஏ கேபிள், எல்லாம் ஒரே பெட்டியில். மெமரி 32 எம்பி, ட்ரீம்காஸ்டைவிட இருமடங்கு. கேட்க நன்றாக இருக்கும். கர்னல் 2.2 வரிசை, அன்றைக்கே பழசு. மானிட்டர் சிங்க்-ஆன்-கிரீன் புரிந்துகொள்ளும் ரகமாக இல்லாவிட்டால் திரை ஒரே பச்சையாகவோ கருப்பாகவோ இருக்கும்.

பிராசஸரும் விசித்திரப் பிறவி. எமோஷன் எஞ்சினில் உள்ள ஆர்5900 ஒரு எம்ஐபிஎஸ்தான், ஆனால் எம்ஐபிஎஸ் லினக்ஸ் எல்லாம் நம்பியிருக்கும் லோட்-லிங்க்டு, ஸ்டோர்-கண்டிஷனல் ஜோடி (ஒரு மதிப்பை நடுவில் யாரும் தொடாமல் மாற்ற உதவும் கட்டளைகள்) அதில் இல்லை. லாக் போட ஆளில்லை. புள்ளி எண் கணக்கு சிங்கிள் பிரிசிஷன் மட்டும், அதுவும் ஐஈஈஈ 754-ஐ முழுதாக மதிக்காது. இன்ஃபினிட்டி என்றால் என்னவென்றே தெரியாத சிப். கேமுக்கு அது போதும், யூனிக்ஸ் பயனர் பக்க நூலகங்களுக்குப் போதாது.

நெட்பிஎஸ்டியிலும் பிளேஸ்டேஷன் 2 போர்ட் ஒன்று வந்தது.

---

#15 கர்னல்காரன்

லாக் விஷயத்தில் எஸ்எச்-4-உம் பெரிய பணக்காரன் இல்லை. ஒரு பைட்டைச் சோதித்து எழுதும் டாஸ் என்ற ஒற்றைக் கட்டளைதான் அதற்கு உண்டு. நடுவில் உடையக்கூடாத மற்ற செயல்களுக்கெல்லாம் ஒரு தந்திரம்: அந்த நாலைந்து கட்டளை வரிசை நடுவில் இன்டரப்ட் வந்தால், திரும்பும்போது கர்னல் அதை விட்ட இடத்தில் தொடங்காமல் முதலிலிருந்து ஓட வைக்கும். ஒற்றை பிராசஸர் என்பதால் இது போதும். ட்ரீம்காஸ்டில் இரண்டு எஸ்எச்-4 இருந்திருந்தால் நம் பாடு திண்டாட்டம்.

---

#16 நைட்மோட்

பிஎஸ்3-ஐ விட்டுவிட்டீர்களே. அதில் "அதர் ஓஎஸ்" மெனுவே இருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று 3.21 ஃபர்ம்வேரில் அதைப் பிடுங்கினார்கள். தேதியைப் பார்த்து முதலில் விளையாட்டென்றே நினைத்தவர்கள் உண்டு.

---

#17 ஈமோஷன்

பிஎஸ்3 எல்லாம் பழைய பெட்டி கணக்கில் வருமா? சரி, வந்தாலும் வரட்டும். அதில் 256 எம்பி, இந்த இழையின் ருசியே போய்விடும்.

---

#18 பழம்பெட்டி

மெமரி பற்றி ஒரு யோசனை. ட்ரீம்காஸ்டில் 8 எம்பி வீடியோ மெமரி சும்மா கிடக்கிறதே. 640×480-ஐ 16 பிட்டில் வைத்தால் 6,14,400 பைட்தான் ஆகிறது. மீதி 7 எம்பிக்கு மேல் வீண். அதை ஸ்வாப்பாக மாற்ற முடியாதா? சவுண்டு சிப்பிடம் வேறு 2 எம்பி இருக்கிறது.

---

#19 ஷெல்லடியான்

கேம்கியூப் லினக்ஸ்காரர்கள் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். அதில் மெயின் மெமரி 24 எம்பி, அதற்கு வெளியே ஏரேம் என்று 16 எம்பி. பிராசஸர் அதை நேரடியாகத் தொட முடியாது, டிஎம்ஏ மூலம்தான் போய்வர வேண்டும். நேரடியாகத் தொட முடியாத மெமரிக்கு ஸ்வாப்பைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன? ஒரு பிளாக் டிவைஸாகக் காட்டி ஸ்வாப் போட்டுவிட்டார்கள்.

ட்ரீம்காஸ்டில் வீடியோ மெமரி பிராசஸரின் முகவரி வெளியிலேயே இருக்கிறது, ஆகவே கோட்பாட்டளவில் இன்னும் சுலபம். எழுதுவது வேகம், திரும்பப் படிப்பதுதான் இழுக்கும். அப்படியும் என்எஃப்எஸ் ஸ்வாப்பைவிட வேகமாகவே இருக்கும், ஏனென்றால் அந்த 32 கேபி பாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஒரு சின்ன பிளாக் டிரைவர் எழுத வேண்டும். சவுண்டு மெமரியைத் தொடாதீர்கள். அது ஜி2 என்ற வெளிப்புறப் பஸ்ஸுக்கு அப்பால் இருக்கிறது, அந்தப் பஸ்ஸில்தான் நெட்வொர்க் அடாப்டரும். 2 எம்பிக்காக அங்கே போய் நெரிசல் உண்டாக்குவது வீண்.

அதற்கு முன்னால் கர்னலை மெலியுங்கள். ஜெனரிக் கர்னலில் நீங்கள் தொடாத ஃபைல்சிஸ்டம், தொடாத நெட்வொர்க் புரோட்டோகால் எல்லாம் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு நூறு கேபியும் இங்கே காசு.

---

#20 கிளாசிக்வாசி

ஓரமாக ஒன்று: வீ கன்சோலில் 2025-இல் ஒருவர் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.0-ஐயே ஓட்டிக் காட்டினார். பவர்பிசி குடும்பம் என்பதால் முடிந்தது. நெட்பிஎஸ்டியும் வீயில் ஓடுகிறது. 88 எம்பி மெமரி இருப்பதால் ட்ரீம்காஸ்ட்காரர்கள் படும் பாடு அங்கே இல்லை.

---

#21 பழம்பெட்டி

மக்களே, ஓடுகிறது!

டிசிலோட் சிடி முதலிலேயே பிடித்தது. என்எஃப்எஸ் ரூட், ஸ்வாப், டெல்நெட் (தனி கேபிள்தான், திருத்தல்வாதி சாட்சி), விஐ, லுவா எல்லாம் ஆயிற்று. கர்னல் செய்திகளில் கன்ட்ரோலர்களைச் செருகும் மேப்பிள் பஸ்ஸின் நான்கு போர்ட்டையும் ஒவ்வொன்றாக எண்ணி, கீபோர்டையும் கன்ட்ரோலரில் செருகியிருந்த விஎம்யூவையும் (குட்டித் திரையுள்ள மெமரி கார்டு) கண்டுபிடித்துச் சொன்னது. அந்த விஎம்யூவின் குட்டித் திரையும் ஒரு டிவைஸ் ஃபைலாக நிற்கிறது. 48×32 புள்ளி, ஆக 192 பைட் எழுதினால் படம் வந்துவிடுகிறது. இப்போது அதில் லோட் ஆவரேஜ் காட்டும் லுவா ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவிட்ச்கடை சிரிக்கலாம்.

இரண்டு பிரச்சினை மிச்சம். விஎம்யூவில் படம் தலைகீழாகத் தெரிகிறது. அடுத்தது, ஸ்கிரிப்டுகளை மேக் (make) கட்டளை வைத்துக் காப்பி செய்கிறேன்; மேக் ஒவ்வொரு தடவையும் "ஃபைலின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது" என்று புலம்பிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்கிறது. டேட் போட்டுப் பார்த்தால் பல வருஷம் பின்னால் இருக்கிறது.

---

#22 ஷெல்லடியான்

வாழ்த்துகள். தலைகீழ்ப் படம் உங்கள் தவறோ டிரைவரின் தவறோ இல்லை. விஎம்யூவைக் கையில் பிடித்து ஆடும் நிலைக்கும் கன்ட்ரோலரில் செருகும் நிலைக்கும் திசை நேரெதிர். அனுப்பும் முன் 192 பைட்டையும் கடைசியிலிருந்து முதலாக வரிசை மாற்றி, ஒவ்வொரு பைட்டுக்குள்ளும் பிட்டுகளைத் திருப்பிப் போடுங்கள், 180 டிகிரி சுழன்றுவிடும்.

நேரம்: பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று இருக்கும் ரீசார்ஜ் பேட்டரி செத்திருக்கும், இந்த வயதில் எல்லாப் பெட்டியிலும் அதே கதை. பிளக்கைப் பிடுங்கினால் கடிகாரம் எங்கேயோ போய் நிற்கும். லேப்டாப்பின் என்எஃப்எஸ் சரியான நேரத்தைப் ஃபைலில் பொறிக்கிறது, ட்ரீம்காஸ்ட் பழைய காலத்தில் வாழ்கிறது, நடுவில் மேக் குழம்புகிறது. பூட்டிலேயே என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் முறை) மூலம் நேரத்தை ஒரேயடியாகக் குதிக்க வையுங்கள். படிப்படியாகச் சரிசெய்யும் முறை இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ஆகாது.

---

#23 திருத்தல்வாதி

பேட்டரி மாற்றினாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். ட்ரீம்காஸ்டின் கடிகாரம் 1950 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை எண்ணுகிறது, யூனிக்ஸ் 1970-இலிருந்து. இடையில் 63,11,52,000 விநாடி. அதைக் கர்னல் கழித்துக்கொள்ளும். ஆனால் பெட்டி வைத்திருப்பது உள்ளூர் நேரம், நேர மண்டலம் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. யூனிக்ஸ் அதை யுடிசி என்று எடுத்துக்கொண்டால் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். கர்னல் அமைப்பில் ஆர்டிசி ஆஃப்செட்டை (பெட்டிக் கடிகாரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள வித்தியாசம்) நிமிஷக் கணக்கில் கொடுத்துவிடுங்கள்.

---

#24 பழம்பெட்டி

என்டிபி வேலை செய்தது, மேக் வாயை மூடிவிட்டது. படமும் நிமிர்ந்துவிட்டது. அடுத்து வீடியோ மெமரி ஸ்வாப் டிரைவரில் கைவைக்கப் போகிறேன். கர்னல் பேனிக் ஆனால் செய்தியைப் பிடிக்க சீரியல் கேபிள் வேண்டுமல்லவா? பழைய மோடம் கேபிள் ஒன்று கிடக்கிறது, நேராகச் செருகலாமா?

---

#25 கர்னல்காரன்

செருகாதீர்கள்! ட்ரீம்காஸ்டின் சீரியல் போர்ட் 3.3 வோல்ட். பழைய ஆர்எஸ்-232 கேபிளில் பிளஸ் மைனஸ் இரண்டு பக்கமும் அதைவிடப் பல மடங்கு வரும், போர்ட் கருகும். 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் மாற்றி வாங்கி டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் மூன்றை மட்டும் இணையுங்கள், டிஎக்ஸும் ஆர்எக்ஸும் குறுக்காக. கர்னலையும் சீரியல் கன்சோல் தேர்வோடு மறுபடி கட்டுங்கள், இல்லையென்றால் பேனிக் செய்தி டிவிக்குத்தான் போகும். ஸ்வாப் டிரைவர் ஃபிரேம்பஃபரின் மேல் எழுதிவிட்டால் அந்த டிவியில் எதைப் படிப்பீர்கள்?